கோட்டில் நம்ம பக்கம் பேசுகிறவர் யார்?

"தம்பிய அடிச்சுப் போட்டாங்க. பொலிசில என்ட்ரி போட்டாச்சு. கேசுக்குத் தவணையும் வந்திருச்சு. இனி லோயருக்கு எவ்வளவு சல்லி கட்டணும்?"

நமது தோட்டங்களில் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி இது. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கம்மலை அடகு வைத்தவர்களும் உண்டு. பணம் இல்லையே என்று கோட்டுப் பக்கமே போகாமல் இருந்து, வழக்கைக் கைநழுவ விட்டவர்களும் உண்டு. உண்மையில், பாதிக்கப்பட்டவர் நீங்கள் என்றால், பெரும்பாலான குற்ற வழக்குகளில் நீங்கள் லோயருக்கு ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. அந்த வழக்கை நடத்துவது அரசாங்கத்தின் வேலை. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் யார், அவர்கள் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன என்பதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொடுத்த கடன் திரும்பி வரவில்லை, வீட்டுக் காணியின் எல்லைத் தகராறு, இவையெல்லாம் இரண்டு பேருக்கு இடையிலான வழக்கு. வழக்குப் போடுகிறவர்தான் செலவையும் பார்க்க வேண்டும். ஆனால் அடிதடி, களவு, கொலை, பெண்பிள்ளைகளைக் கெடுத்தல் போன்றவை அப்படி இல்லை. அடி விழுந்தது உங்கள் தலையில்தான். ஆனாலும் சட்டம் அதை ஊருக்கும் நாட்டுக்கும் செய்த குற்றமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே பொலிசோ சட்டமா அதிபரோ நடத்தும் வழக்கில் அடிபட்டவர் வழக்காளி இல்லை, அவர் சாட்சி. பல வழக்குகளில் முதலாம் சாட்சி.

இதை விளங்கிக்கொண்டால் இரண்டு காரியம் விளங்கும். ஒன்று, வழக்கு நடத்தும் செலவு உங்களுடையது இல்லை. மற்றது, "நாந்தானே கேஸ் போட்டேன், நானே வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று பெரிய வழக்குகளில் சொல்லவும் முடியாது. இந்த இரண்டாவது விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதைப் பிறகு சொல்கிறோம்.

நீதவான் கோட்டில் பொலிஸ்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற இடங்களில் இருப்பவை நீதவான் நீதிமன்றங்கள். சாதாரண அடிதடி, சில்லறைக் களவு, குடித்துவிட்டுக் கலகம் செய்தல் போன்ற வழக்குகள் அங்கேதான் முடிகின்றன. அங்கே வழக்கை எடுத்து நடத்துவது பெரும்பாலும் பொலிஸ்தான். காக்கி உடுப்போடு கையில் கோவைக் கட்டை வைத்துக்கொண்டு, பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்கிறாரே, கோட் சார்ஜன் அல்லது இன்ஸ்பெக்டர், அவர்தான் அங்கே வழக்குத் தொடுநர். உங்கள் பக்கத்துக் கதையை நீதவானுக்குச் சொல்ல வேண்டியவரும், சாட்சிகளைக் கூப்பிட வேண்டியவரும் அவரே.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவை என்ற சட்டத்தில் இதற்கான ஒழுங்கு சொல்லப்பட்டிருக்கிறது. நீதவான் கோட்டிலும் சட்டமா அதிபர் சார்பில் அரச சட்டத்தரணி வந்து வழக்கை நடத்தலாம். அப்படி யாரும் வராதபோது, முறைப்பாட்டாளரோ, அந்த வழக்கோடு சம்பந்தப்பட்ட அரசாங்கத் திணைக்கள உத்தியோகத்தரோ நடத்தலாம். நடைமுறையில் பொலிஸ் நிற்கிறது.

பொலிஸ் வழக்கே போடவில்லை என்றால் என்ன செய்வது? ஒரு தனி ஆளும் நேராக நீதவானிடம் முறையிட்டு வழக்குத் தொடரலாம். தனியார் பிராது என்று அதைச் சொல்வார்கள். எழுத்தில் கொடுத்தால் அதில் ஒரு சட்டத்தரணியும் கையொப்பம் வைக்க வேண்டும். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வழக்குத் தவணைக்கு நீங்கள் போகாவிட்டால், தள்ளிப்போடத் தகுந்த காரணம் இருப்பதாக நீதவான் கருதினாலன்றி எதிரி விடுதலையாகி விடுவார். கொழுந்து அதிகமாக இருக்கிற நாள், பெயர் போடாவிட்டால் சம்பளம் போய்விடும் என்று அன்று மலைக்குப் போனால் வழக்கு போய்விடும். ஆகவே இந்த வழிக்குப் போகுமுன் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தத் தனியார் பிராதுக்கு நம் மக்களிடையே ஒரு பழைய, கசப்பான சரித்திரம் உண்டு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப முடிந்தது. முறைப்பாட்டாளர் துரை, எதிரி நம் பாட்டன். கோட்டு என்றால் நம் பெரியவர்களுக்கு இன்றும் வயிறு கலங்குவதற்கு அந்தக் காலமும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தச் சிறைத் தண்டனை போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை.

மேல் நீதிமன்றத்தில் அரச சட்டத்தரணி

கொலை, பாலியல் வல்லுறவு, சிறுபிள்ளைகள் மீதான பாரதூரமான பாலியல் குற்றம் போன்றவை மேல் நீதிமன்றத்துக்குப் போகின்றன. கண்டி, பதுளை, நுவரெலியா, இரத்தினபுரி எல்லாம் மேல் நீதிமன்றம் உள்ள இடங்கள். அங்கே பொலிஸ் வழக்கை நடத்துவதில்லை. சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறார். அவர் சார்பில் கறுப்புக் கோட்டுப் போட்ட அரச சட்டத்தரணி வந்து வழக்கை நடத்துகிறார். சட்டமா அதிபர் திணைக்களத்தின் தலைமையகம் கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது.

பொலிசிலிருந்து கோவை அந்தத் திணைக்களத்துக்குப் போகிறது. சில குற்றங்களில் முதலில் நீதவான் முன்னால் ஒரு பூர்வாங்க விசாரணை நடக்கும். அதற்குப் பிறகு கோவை போகும். சிலவற்றில் சட்டமா அதிபர் நேரடியாகக் குற்றப்பத்திரிகை போடுவார். அங்கே ஒரு அரச சட்டத்தரணி உட்கார்ந்து வாக்குமூலங்கள், வைத்திய அறிக்கை, இடத்தைப் பார்த்துப் பொலிஸ் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் படிக்கிறார். அவர் தன்னிடமே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இப்படி இருக்கும்: என்ன குற்றம் நடந்திருக்கிறது? செய்தவர் இவர்தான் என்று யார் பார்த்தது? எந்த வெளிச்சத்தில் பார்த்தது? காயமும் சாட்சி சொல்வதும் ஒத்துப் போகிறதா? கத்தி கிடைத்ததா? குறை இருந்தால் இன்னும் விசாரியுங்கள் என்று பொலிசுக்கு எழுதி அனுப்புவார். சாட்சியம் போதாது என்று கண்டால் வழக்குப் போட வேண்டாம் என்றும் சட்டமா அதிபர் தீர்மானிக்கலாம்.

இதற்குக் காலம் எடுக்கிறது. மாதக்கணக்கு என்று சொல்ல முடியாது, வருடக்கணக்கே ஆகிவிடுகிறது. "கேஸ அமுக்கிட்டாங்க, எதிரி சல்லி கொடுத்திட்டான்" என்று லயத்தில் பேசிக்கொள்வதற்குப் பாதி காரணம் இந்தத் தாமதம்தான். தாமதம் நியாயம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பதினாலு வயதில் கெடுக்கப்பட்ட பிள்ளை, கலியாணம் முடித்துக் கையில் குழந்தையோடு சாட்சிக் கூண்டில் ஏறுவது யாருக்கும் பெருமை தரும் காரியம் இல்லை. ஆனால் தாமதம் வேறு, வழக்கு செத்துப் போவது வேறு. பொலிஸ் நிலையத்திலும் கோட்டுப் பதிவாளர் அலுவலகத்திலும் வழக்கு இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால், அது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

யார் சொன்னாலும் கேட்கலாமா?

அரச சட்டத்தரணி அரசாங்கச் சம்பளம் வாங்குகிறார். அப்படியானால் மந்திரி சொன்னால் வழக்கை நிறுத்துவாரா என்று கேட்கலாம். சட்டப்படி, வழக்குப் போடுவதா விடுவதா என்ற தீர்மானம் சட்டமா அதிபருடையது. அவர் அதைச் சாட்சியத்தையும் சட்டத்தையும் பார்த்து எடுக்க வேண்டும். யாருடைய முகத்தையும் பார்த்து எடுக்கக் கூடாது.

இந்த நாட்டில் இந்தக் கேள்வி பெரிய தகராறாக வெடித்தது ஒரு தேயிலைத் தோட்டத்தினால்தான் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, பொலிஸ் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதை விசாரிக்க ஆணைக்குழு போட்டார்கள். அந்த விசாரணை நடக்கும்போது தொழிலாளர்கள் மேல் போட்ட வழக்கைத் தள்ளிப்போடக் கேட்கும்படி அப்போதைய உள்நாட்டு மந்திரி சேர் பாரன் ஜயதிலக, பொலிஸ் மா அதிபருக்குச் சொன்னார். பொலிஸ் மா அதிபர் இணங்கவில்லை. தேசாதிபதி பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். மந்திரிமார் கூட்டாக இராஜினாமாச் செய்தார்கள், பிறகு திரும்பி வந்தார்கள். மந்திரி கேட்டது தொழிலாளிக்கு நல்லதாகத்தான் இருந்தது. ஆனாலும் வழக்கில் கை வைக்க யாருக்கு உரிமை என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. இன்னும் தீரவில்லை. அரச வழக்குகளை நடத்தத் தனியான, சுயாதீனமான ஓர் அலுவலகம் வேண்டும் என்ற யோசனை 2025இலும் அரசாங்க மட்டத்தில் பேசப்பட்டது.

அவர் உங்கள் லோயர் இல்லை

இதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். அரச சட்டத்தரணியும் கோட் சார்ஜனும் உங்கள் பக்கம் நிற்பதுபோல் தெரியும். ஆனால் அவர்கள் உங்களால் அமர்த்தப்பட்டவர்கள் இல்லை. எதிரிக்கு எப்படியாவது தண்டனை வாங்கிக் கொடுப்பது அவர்களுடைய கடமையும் இல்லை. உண்மையைக் கோட்டுக்கு முன்னால் வைப்பதுதான் கடமை. எதிரிக்குச் சாதகமான ஒரு விஷயம் கோவையில் இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. "அன்னைக்கு ராத்திரி அவன் ஆஸ்பத்திரியில இருந்தான்" என்று ஒரு சாட்சி சொல்லியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட முடியாது.

இதைக் கேட்டுச் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் நாளைக்கு எதிரிக் கூண்டில் நிற்பது உங்கள் மகனாகவும் இருக்கலாம். டவுனில் ஏதாவது காணாமல் போனால் முதலில் பிடிபடுவது நம் பையன்கள்தானே. அன்றைக்கு அரச தரப்பு நேர்மையாக இருந்தால் அவனுக்கும் அது பாதுகாப்பு.

குற்றத்தை நிரூபிக்கும் பாரம் முழுவதும் அரச தரப்பின் தலையில்தான். நியாயமான சந்தேகம் இல்லாதபடி நிரூபிக்க வேண்டும். நான் குற்றம் செய்யவில்லை என்று எதிரி நிரூபிக்க வேண்டியதில்லை. பொலிஸ்காரரிடம் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகச் சொல்வதைச் சாதாரண வழக்கில் எதிரிக்கு எதிராகச் சாட்சியமாக வைக்க முடியாது. மேல் நீதிமன்றத்தில் எதிரிக்குச் சட்டத்தரணி வைக்க வசதி இல்லையென்றால், கோட்டே ஒருவரை அமர்த்திக் கொடுக்கும்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. நீதவான் கோட்டில் "குத்தத்த ஒத்துக்க, அபராதத்தோட முடிஞ்சிரும், நாளைக்கு வேலைக்குப் போகலாம்" என்று யாராவது காதில் சொல்வார்கள். செய்தது உண்மையென்றால் அது வேறு. செய்யாத குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதம் அன்றோடு முடியும். ஆனால் தீர்ப்பு பெயரில் நிற்கும். வெளிநாட்டு வேலைக்கோ அரசாங்க வேலைக்கோ பொலிஸ் சான்றிதழ் கேட்கும் நாளில் அது எழுந்து வந்து நிற்கும்.

பாதிக்கப்பட்டவருக்கென்று தனியாக ஒருவர் பேச முடியாதா? முடியும். அதே 1979 சட்டத்தில், எதிரிக்கு லோயர் வைக்க உரிமை இருப்பதுபோல், பாதிக்கப்பட்டவருக்கும் கோட்டில் சட்டத்தரணி மூலம் தோன்ற உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. வைத்தால் அது உங்கள் விருப்பம், உங்கள் செலவு. வழக்கை நடத்துபவர் அப்போதும் அரச தரப்புத்தான். வசதி இல்லாதவர்கள் 1978இல் சட்டத்தினால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம். அதன் நிலையங்கள் பல நீதிமன்றங்களின் பக்கத்திலேயே இருக்கின்றன.

"பேசித் தீர்த்துக்கலாம்"

தோட்டத்தில் எந்தச் சண்டை வந்தாலும் தலைவர் வீட்டு முற்றத்தில் கூடிப் பேசுவது நம் பழக்கம். நல்ல பழக்கம்தான். தண்ணிக் குழாயடிச் சண்டைக்கும், கோழி காணாமல் போனதற்கும் பொலிசுக்கு ஓட வேண்டியதில்லை. சட்டமும் அதையே சொல்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சிறு காயம் ஏற்படுத்தியது போன்ற சில குற்றங்கள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். இணக்க சபை என்று நாம் சொல்வது இதைத்தான். அங்கே தீராவிட்டால் மட்டும் அதற்கான துண்டோடு கோட்டுக்கு வரும். சில குற்றங்களைக் கோட்டிலேயே இரு தரப்பும் சமாதானம் செய்துகொள்ளவும் இடம் உண்டு.

ஆனால் எல்லாவற்றையும் பேசித் தீர்க்க முடியாது. கொலையைத் தீர்க்க முடியாது. பிள்ளையைக் கெடுத்ததைத் தீர்க்க முடியாது. "குடும்ப மானம் போயிரும், ஒரு தொகைய வாங்கிட்டு முடிச்சிரு" என்றும், "அவனுக்கே கட்டி வச்சிருவோம்" என்றும் பஞ்சாயத்துச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தலைவரோ, கங்காணியோ, கோயில் கமிட்டியோ யாருக்கும் அந்த அதிகாரம் இல்லை. தாய் தகப்பன் சம்மதித்தாலும் இல்லை. மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை போட்ட பிறகு வழக்கை மேற்கொண்டு நடத்தவில்லை என்று சொல்லக்கூடியவர் சட்டமா அதிபர். தாய் தகப்பன் கையெழுத்துப் போட்ட வெள்ளைத் தாளுக்கு அங்கே மதிப்புக் கிடையாது.

அப்படியானால் ஏன் பணம் கொடுக்க வருகிறார்கள்? சாட்சியை வாங்கத்தான். சாட்சி கோட்டில் "எனக்கு ஞாபகம் இல்ல சாமி" என்று சொல்லிவிட்டால் அரச சட்டத்தரணி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அவர் அந்த லயத்தில் இருக்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. அவருடைய பலமெல்லாம் பார்த்தவர் வாயில்தான் இருக்கிறது. எதிரி விடுதலையாகி அடுத்த நாள் அதே குழாயடியில் வந்து நிற்பான். பிள்ளை பள்ளிக்கூடம் போகிற பாதையும் அதுதான்.

பயமுறுத்தினால் பேசாமல் இருக்க வேண்டாம். சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அதற்கென்று தேசிய அதிகாரசபை ஒன்றும் இருக்கிறது. மிரட்டல் வந்த நாளும் நேரமும், சொன்ன வார்த்தையும் குறித்து வைத்துக்கொண்டு, வழக்கை நடத்தும் பொலிஸ் உத்தியோகத்தரிடமும், மேல் நீதிமன்ற வழக்கென்றால் அரச சட்டத்தரணியிடமும் சொல்லுங்கள். சிறுவர் சம்பந்தமான முறைப்பாட்டுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன.

வாக்குமூலம் கொடுக்கும்போது

வழக்கின் அத்திவாரம் நீங்கள் முதல் நாள் பொலிசில் சொல்வதுதான். பல மாதம் கழித்து அரச சட்டத்தரணி படிக்கப்போவது அந்தத் தாளை. எதிரியின் லோயர் குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்வதும் அந்தத் தாளை. "பொலிசில் இப்படிச் சொல்லவில்லையே, இங்கே வந்து புதிதாகச் சொல்கிறீர்களே?" என்று கேட்பார். சொன்னது ஒன்று, எழுதியது வேறு என்றால் அந்த இடத்தில்தான் வழக்கு ஆட்டம் காணும்.

நமக்கு இதில் இருக்கிற பெரிய கஷ்டம் பாஷை. வாய்மூலம் கொடுக்கும் முறைப்பாட்டை அது கொடுக்கப்படும் மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், நீங்களே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களாலும் எழுத முடியாதென்றால்தான் வேறு மொழியில், காரணத்தையும் குறித்துவிட்டு எழுதலாம். அப்போதும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். நடைமுறையில் நடப்பது வேறு என்பது தெரிந்ததே. சிங்களத்தில் எழுதி "இங்க கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டுவார்கள். அப்போது மரியாதையாக, ஆனால் விடாமல், "ஐயா, என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க, கேட்டுட்டுப் போடுறேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டு பாஷையும் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொண்டு போய்க் கொடுக்கவும் முடியும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கோட்டிலும் அப்படித்தான். அங்கே நடக்கும் மொழி விளங்காத வழக்குத் தரப்பினருக்கு அரசாங்கமே மொழிபெயர்ப்பு வசதி தர வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. சாட்சி சொல்பவரும் மொழிபெயர்ப்பாளர் மூலம் தமிழிலேயே பேசலாம். பாதி விளங்கிய சிங்களத்தில் தலையாட்டிவிட்டு வருவதைவிட, "தமிழ்ல கேளுங்க" என்பது நூறு மடங்கு மேல்.

காயம் பட்டிருந்தால் பொலிஸ் தரும் துண்டோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால், காயத்துக்கு எழுத்துச் சாட்சி இல்லாமல் போகும். எலும்பு முறிந்திருந்தால் சட்டத்தில் அது கடுங்காயம்; வெறும் வீக்கம் என்றால் சிறு காயம். எந்தக் குற்றச்சாட்டு என்பதே அந்த அறிக்கையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கூண்டில் ஏறும் நாள்

அழைப்பாணை வந்தால் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் பிடியாணை வரலாம். அந்தத் துண்டைத் தோட்ட அலுவலகத்தில் காட்டி, லீவு எழுதிவிட்டுப் போங்கள். மேல் நீதிமன்றத்துக்கு வரும் அரச சட்டத்தரணி பல நேரம் வழக்குத் தொடங்குமுன் சாட்சிகளோடு பேசுவார். பேசவில்லையென்றால் கோட் பொலிஸ் மூலம் "ஐயாவைப் பார்க்கணும்" என்று கேட்பதில் தவறில்லை. அவர் உங்களுக்கு ஞாபகமூட்டலாம், எப்படி நடக்கும் என்று விளக்கலாம். இன்னது சொல் என்று பாடம் சொல்லித்தரக் கூடாது.

முதலில் அவர் கேள்வி கேட்பார். பிறகு எதிரியின் லோயர் குறுக்கு விசாரணை செய்வார். கடுமையாகத்தான் கேட்பார், அது அவருடைய தொழில். பிறகு தேவைப்பட்டால் அரச சட்டத்தரணி மறுபடி கேட்டுத் தெளிவுபடுத்துவார். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னால் போதும். கூட்டிச் சொல்லப் போனால்தான் மாட்டிக்கொள்வீர்கள். பொய்ச் சாட்சி சொல்வதும் குற்றம்.

நீதவான் கோட்டில் எதிரி விடுதலையாகிவிட்டால், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய சட்டமா அதிபரே முன்வர வேண்டும், அல்லது அவருடைய எழுத்து அனுமதி வேண்டும். அந்த முடிவில் குறை இருப்பதாக நினைத்தால் காலம் தாழ்த்தாமல் சட்ட உதவி நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். மேல்முறையீட்டுக்குக் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு.

இந்த வேலைகளுக்காகப் பொலிசிலோ கோட்டிலோ யாராவது கைக்கூலி கேட்டால் கொடுக்க வேண்டாம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954.

இன்னுமொன்று. வழக்கு இழுபட்டுக் கிடக்கும் காலத்தில் நம் ஆட்கள் லயத்தை விட்டுப் புது வீட்டுக்குப் போகிறார்கள், கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறார்கள், மலைநாட்டை விட்டே போய்விடுகிறார்கள். அழைப்பாணை பழைய லயத்து இலக்கத்துக்கு வந்து, ஆள் இல்லை என்று திரும்பிப் போகிறது. சாட்சியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொலிஸ் எழுதிவிடுகிறது. வீடு மாறினால் முறைப்பாடு கொடுத்த பொலிஸ் நிலையத்துக்குப் போய், வழக்கு இலக்கத்தோடு புது விலாசத்தையும் ஒரு சொந்தக்காரரின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். தூரத்தில் இருந்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் தபால் துண்டை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.